சுவரில் தொங்கும் கீதாசாரமும் சில தவறுகளும்

திருகோணமலையில் கடைச் சுவர்களிலும், 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலர்களிலும் அடிக்கடி கண்ணில் படுவது, 'எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது' என்று தொடங்கும் கீதாசாரம். பகவத்கீதை என்றாலே பலருக்கு அதுதான். ஆனால் 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்களில் எங்கே தேடினாலும் அந்த வரி கிடைக்காது.

ஆறுதலுக்குத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'நடந்தது நன்றாகவே நடந்தது' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கண்ணனும் அப்படிச் சொல்லவில்லை. குளிரும் வெப்பமும் போல இன்பமும் துன்பமும் வந்து போகும், பொறுத்துக்கொள் என்கிறான் (2:14, அதாவது 2ஆம் அத்தியாயம், 14ஆம் சுலோகம்). பொறுக்கச் சொன்னவன், அதை நல்லது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

அடுத்தது, 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே'. இதற்கு மூலமான சுலோகம் இருக்கிறது (2:47). ஆனால் பாதியில் நறுக்கிவிடுகிறோம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை, பலனுக்காகவே செய்பவனாக இராதே, சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று நான்கு பகுதிகள் அதில் உண்டு. போர்க்களத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அருச்சுனனுக்குச் சொன்னது என்பதால் நான்காவதுதான் முக்கியம். ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எடுக்கும் பிள்ளைக்குச் சொல்வதானால் நான்கையும் சொல்லுங்கள். பெறுபேற்றை நினைத்துப் பதறாதே என்பதோடு, புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்காதே என்பதும் அதற்குள் இருக்கிறது. சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளி இந்த வசனத்தை எடுத்தால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர் கொடுக்க வேண்டியது அவருடைய கடமை.

உடலை வருத்தினால்தான் ஆன்மிகம் என்பாரும் உண்டு. மிதமிஞ்சி உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று 6:16 சொல்கிறது.

'அது வைணவ நூல், எங்களுக்குத் தேவாரம் போதும்' என்ற பேச்சும் கேட்கிறது. இங்கே கோயில் கொண்ட சிவனான கோணேசரைச் சம்பந்தர் தேவாரத்தில் பாடிய ஊரில் அந்தப் பெருமிதம் நியாயம்தான். ஆனாலும் காஷ்மீர சைவத்தின் பேராசான் அபிநவகுப்தர் கீதைக்கு உரை எழுதியவர்.

அப்புறம், 'என்னையே சரணடை' (18:66) என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கீதை கேள்வி கேட்காத பணிவைத்தான் கேட்கிறது என்பார்கள். மூன்று சுலோகங்களுக்கு முன்னால், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று அதே கண்ணன்தான் சொல்கிறான்.