காய்ந்துபோன மைப்பேனாவை மீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில், பழைய தகரப் பெட்டியின் அடியில் ஒரு மைப்பேனா இன்னும் கிடக்கிறது. தமிழ்நாட்டு உறவுகளுக்கு வான்கடிதம் எழுதியதும், இன்றைய மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி 'வானொலி ஆறு' என்ற பெயரில் இயங்கிய காலத்தில் நேயர் கடிதம் எழுதியதும் அத்தகைய பேனாக்கள்தாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவு அனுப்பிப் பழகிய பின் அவற்றைத் திறப்பாரில்லை. பெரியப்பாவின் ஹீரோ பேனாவைச் சீர்படுத்தி, அதைக்கொண்டே உறவினர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதல் வேலை கழுவுவது. பேனாவில் மை கீழே இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே ஏற வேண்டும். இவ்விரண்டும் நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையின் நுண்ணிய கால்வாய் வழியாகவே நடக்கின்றன. அங்கே மை காய்ந்து அடைத்துக்கொண்டால், நிப்பு பளபளவென்று இருந்தாலும் பேனா எழுதாது. ஆகவே நிப்பை இழுத்துக் கழற்ற முயலாதீர்கள். நிப்பு பெரும்பாலும் மூடியிருக்கும் பழைய ஹீரோ பேனாவில் அது உடைவதற்கே வழி. முன்பகுதி மட்டும் மூழ்கும்படி ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, பின்னால் உள்ள மை உறையை அழுத்தி அழுத்தி விடுங்கள். நீல நிறம் புகைபோல் இறங்கும். தண்ணீரை மாற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாளும் இதையே செய்யுங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படியில்தான். குவளைத் தண்ணீர் தெளிந்துவிட்டதைக் கண்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மெல்லுதாளை (டிஷ்யூ) நான்காக மடித்து நிப்பின் நுனியை அதில் ஊன்றிப் பாருங்கள். கட்டைக்குள் தங்கிய மை நீலப் பொட்டாக ஊறி வரும். தாளில் வெறும் ஈரம் மட்டும் படியும் வரை ஊறவைப்பதும் அழுத்துவதும் தொடர வேண்டும். அடைப்பு மிகக் கடினமாக இருந்தால் ஊறவைக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்க்கலாம். கொதிநீரும் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம். வெந்நீரில் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும், பழைய எபோனைட் பேனா நிறம் மங்கும். இந்த எபோனைட் என்பது பால்மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுக்கிய பொருள். பால்வெட்டி வாழ்ந்த குடும்பத்தில் அப்படியொரு பேனா எஞ்சியிருந்தால் அதைக் கூடுதல் கவனத்தோடு பாதுகாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மை உறை இறுகி வெடித்திருந்தால் புதிய பேனா வாங்குவதே நல்லது. என் தேர்வு பிளாட்டினம் பிரெப்பி: விலை குறைவு, மூடிக்குள் இருக்கும் உள்மூடி நிப்பை நெடுநாள் காயவிடாது. 'எஃப்' (ஃபைன், அதாவது மெல்லிய) நிப்பு உள்ளதை வாங்குங்கள். ஜப்பானிய 'எஃப்' பொதுவாக ஐரோப்பிய 'எஃப்' நிப்பைவிட மெல்லியது. தடித்த நிப்பில் எழுதினால் ண, ஞ, ணை ஆகிய எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகின்றன. மையைப் பொறுத்தவரை, மைப்பேனாவுக்கென்று செய்யப்பட்ட குயின்க், பெலிக்கான் 4001 போன்றவை போதும். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் மையை ஊற்றினால், அதில் கலந்திருக்கும் அரக்கு உலர்ந்து கட்டையை நிரந்தரமாக அடைத்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், கோட்டின் ஓரங்களில் மை வேர்விட்டதுபோல் பரவும். வாங்குமுன் தாளின் மூலையில் 'ணை' என்று எழுதி, பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய தாளைக் காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள்.

எழுதும்போது பேனாவைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவில் அழுத்தி எழுதிப் பழகிய கைக்கு இது முதல் பக்கத்தில் சிரமமாகவே இருக்கும், அடுத்த பக்கத்தில் விரல் வலி இல்லாததை உணர்வீர்கள். தேதியும் ஊரும் இட்டு, 'அன்புள்ள அத்தைக்கு' என்று தொடங்கிய பிறகு, தொலைபேசியில் ஏற்கெனவே சொல்லிவிட்ட செய்தியை எழுதாதீர்கள். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள், லயம் இருந்த இடத்தில் செம்பனை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பன போன்றவற்றை நிதானமாக எழுதுங்கள்; கடிதத்தைப் பெறுபவர் திரும்பத் திரும்பப் படிப்பது அவற்றைத்தான்.

உறையின் மேல் முகவரியை மட்டும் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். மழைத்துளி பட்டால் சாதாரண நீல மை கரைந்து ஓடும், 31100 என்ற சுங்கை சிப்புட் அஞ்சல் குறியீடும் அதோடு போய்விடும்.

பிற்சேர்க்கை: தாத்தா காலத்துக் கடிதத்தில் உள்ள முகவரியைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்கு எழுதலாமா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். அப்படியே பார்த்து எழுதினால் கடிதம் சேருவது கடினம். இந்தியாவில் ஆறு இலக்க பின்கோடு 1972-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய கடிதங்களில் அது இராது. மேலும், அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர்கள் பல இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் அடங்கியுள்ளன. இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் ஊரின் அஞ்சலகப் பெயரைத் தேடி, இன்றைய மாவட்டத்தையும் பின்கோடையும் எடுத்துக்கொண்டு, நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் கடைசி வரியாக எழுதுங்கள்.