மெட்ரிக் முடிச்ச பிள்ளைங்களோட மொழித் திறமைக்கு எப்படி மரியாதை செய்யலாம்

நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல மெட்ரிக் (பன்னெண்டாம் வகுப்பு) முடிக்கிற நம்ம பிள்ளைங்கள்ல இங்கிலீஷோட தமிழோ இந்த ஊரு ஜூலு மொழியோ நல்லா தெரிஞ்சவங்களுக்கு கோயில்ல கூப்பிட்டு ஒரு சான்றிதழ் குடுங்க, கலிஃபோர்னியால 2011லயே இதுக்கு சட்டம் போட்டு டிப்ளமோவுல முத்திரை வெக்கிறாங்க.

தேவாரம் பாடறத மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சும் அழகா பாடலாம். முன்ன பாக்காத ஒரு பக்கத்த குடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அதப்பத்தி நாலு வரி எழுதச் சொல்லுங்க, அப்புறம் யாராவது ஒரு ஆயா பக்கத்துல உக்கார வெச்சு பத்து நிமிஷம் பேச விடுங்க, வார்த்தை தடுக்கினா சுத்தி வளைச்சாவது சொல்ல வருதான்னு கவனிங்க, எனக்கு அதுதான் பெரிய பரீட்சை.

ஜூலுவுக்கு ஜூலு டீச்சரையே கூப்பிடுங்க.

சான்றிதழ்ல பேரை தமிழ்லயும் போடுங்க, பிள்ளையே கையால எழுதினா இன்னும் நல்லது. நம்ம 1996 அரசியல் சட்டமே தமிழை பேர் சொல்லி மதிக்கணும்னு சொல்லுது, அந்த வரியையும் மேல அச்சடிங்க.