உயில் இருந்தா ப்ரொபேட் வாங்கணுமா? நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு

ப்ரொபேட்னா, செத்துப்போனவரு எழுதின உயில் உண்மைதான்னு கோர்ட் விசாரிச்சு முத்திரை போட்டு குடுக்குறது. நாகர்கோவில் மாவட்ட கோர்ட்ல மனு போட்டா வாரிசுகளுக்கெல்லாம் நோட்டீஸ் போகும், அதுல ஒரே ஒருத்தர் எனக்கு சம்மதமில்லன்னு வந்து நின்னா அது முழு கேஸா மாறிரும், அப்புறம் வருசக்கணக்கா அலையணும், இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க.

ஆனா மார்த்தாண்டத்து வீட்டுக்கோ குலசேகரத்து ரப்பர் விளைக்கோ ப்ரொபேட் கட்டாயமே இல்ல. சென்னைல உள்ள சொத்துக்குத்தான் கட்டாயம்னு இருந்துச்சு, கிறிஸ்தவங்களுக்கு 2002லயே விலக்கு வந்துட்டு, மத்தவங்களுக்கும் அப்படிக் கட்டாயம்னு சொன்ன இந்திய வாரிசுரிமைச் சட்டத்தோட 213வது பிரிவ 2025 டிசம்பர்ல எடுத்துட்டாங்க.

அதுக்காக உயில ஏனோதானோன்னு எழுதாதீங்க. தகராறு வந்தா சாட்சி போட்டவங்கதான் கோர்ட்ல வந்து சொல்லணும். எங்க அப்பா உயில்ல சாட்சி ரெண்டு பேரும் அவரு வயசுக்காரங்க, அப்பாவுக்கு முன்னாடியே போய்ட்டாங்க, அவங்க கையெழுத்த தெரிஞ்ச ஆளத் தேடி நாங்க பட்ட பாடு இன்னும் மறக்கல. அதனால வயசு கம்மியா, ஊர்லயே இருக்க ரெண்டு பேர சாட்சி போடுங்க. கிறிஸ்தவ குடும்பம்னா இன்னொண்ணு, சொத்து கிடைக்கப்போறவரோ அவரு வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ சாட்சி போட்டா அவருக்கு எழுதினது செல்லாமப் போயிரும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்ல, ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சிருங்க.

உயிலுக்குப் பதிலா, உயிரோட இருக்கும்போதே செட்டில்மெண்ட், அதாவது சொத்த இப்பவே பிள்ளை பேருக்கு மாத்திக் குடுக்குற பத்திரம், எழுதினா ப்ரொபேட் பேச்சே வராது. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், எவ்வளவு போனாலும் 40,000 ரூபாய்க்கு மேல இல்ல, பதிவுக் கட்டணம் தனி. ஆனா எழுதிக் குடுத்துட்டு பின்னால அந்த வீட்லயே இடமில்லாம நிக்கிற அப்பா அம்மாவ பாத்தா மனசு தாங்கல, அதனால சாகுறது வரைக்கும் நான் இதுல தாமசிப்பேன், விளை வருமானமும் எனக்குத்தான்னு பத்திரத்துலயே எழுத வைங்க, பிள்ளை என்னைய பாத்துக்கிடணும்ங்கிற நிபந்தனையையும் சேருங்க. அது இருந்தா, பாக்காம விட்டா, 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல பத்திரத்த ரத்து பண்ண கேக்கலாம். நிபந்தனை எழுதாம குடுத்துட்டு அப்புறம் திருப்பி வாங்குறது பெரும்பாடு.

பேங்க்ல நாமினி போட்டாச்சே, போதாதான்னு கேப்பாங்க. நாமினி பணத்த கைல வாங்குறவரு மட்டுந்தான், பங்கு எல்லா வாரிசுக்கும் உண்டு, வேற மாதிரி வேணும்னா உயில்ல எழுதணும்.

கல்ஃப்ல இருக்க பிள்ளைங்களுக்கு ஒண்ணு, அப்பா தனக்குப் பதிலா கையெழுத்துப் போட உங்களுக்கு எழுதிக் குடுத்த பவர் பத்திரம் அவரு கண்ண மூடுனதோட முடிஞ்சுரும், அத வச்சு அப்புறம் எந்தப் பத்திரமும் போடாதீங்க.