லேக் வியூ வாங்கியாச்சு, இனி ஏரியைக் கெடுக்காமல் இருப்பது எப்படி?

பால்கனியிலிருந்து ஏரி தெரிகிறது என்பதற்காகவே சில லட்சம் கூடுதலாகக் கொடுத்து வீடு வாங்குகிறோம். குடிவந்த முதல் ஐப்பசியில் தண்ணீர் தளும்புகிறது, கூழைக்கடா வந்து இறங்குகிறது, ஸ்டேட்டஸ் போடுகிறோம். சித்திரை பிறந்ததும் அதே ஏரி சுருங்கிச் சேறாகக் கிடக்கும். உடனே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இன்னும் நாலு அடி ஆழமாக்கி, சுத்திலும் கரை கட்டி, வாக்கிங் போக ஒரு பாதையும் போட்டுட்டா எப்படியிருக்கும்!" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

நம் ஏரிகள் கிண்ணங்கள் அல்ல. தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை, சரிந்து வரும் நிலத்தில் மழைநீரை மறிக்க ஒரு பக்கம் மட்டும் கரை போட்டுக் கட்டியவை. தண்ணீரைத் திறந்துவிடும் மதகும், நிறைந்தால் மிச்சம் வழிந்து போகும் கலிங்கலும் அந்தக் கரையில் இருக்கும். எதிர்ப்பக்கம் திறந்தவெளி, நிலம் மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். மழைநீர் ஏரிக்குள் வருவது அந்த வழியாகத்தான். அங்கேயும் மேடு போட்டுப் பாதை அமைத்தால் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் பின்னால் உள்ள தெருக்களில் நிற்கும். அப்புறம் "ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று ஏரியைத் திட்டுவோம்.

ஏரியின் உயிர்களில் பெரும்பகுதி இருப்பதும் அந்தச் சரிவில்தான். நெடுங்கால் உள்ளான் நிற்பது அதன் கால் அளவுத் தண்ணீரில். நத்தைகுத்தி நாரை சேற்றைத் துழாவித்தான் நத்தை எடுக்கும். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கு ஆழம் பரவாயில்லை; நடந்து மேய்கிற பறவைகளுக்கு ஆழமும் செங்குத்துக் கரையும் ஒன்றுக்கும் உதவாது. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, ஒதுங்கிய மீன்களைத் தேடி நாரைகள் கூட்டமாக வருவதைப் பார்த்தவர்கள் வற்றிய ஏரியைச் செத்த ஏரி என்று சொல்ல மாட்டார்கள். தூர்வாருவது தவறில்லை. கோடையில் வண்டலைச் சீராக வழித்து வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம்தான். மண்ணுக்காக அங்கங்கே கிணறு மாதிரி தோண்டி விடுவது வேறு விஷயம். மழைக்குப் பிறகு மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இறங்கிவிடும். நீச்சல் தெரிந்தாலும் தெரியாத ஏரியில் இறங்காதீர்கள்.

அடுத்தது பச்சையைக் கண்டாலே பிடுங்குவது. ஆகாயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, கழிவுநீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கூடி, பாதி இழுத்து, கரையிலேயே குவித்துவிட்டுப் போட்டோ எடுப்பதால் பயனில்லை. அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். ஆனால் அதோடு சேர்த்து அல்லி, கோரை, தண்ணீருக்குள் வளரும் செடி எல்லாவற்றையும் வழித்துவிடுகிறோம். முக்குளிப்பான் மிதக்கும் செடிகளைச் சேர்த்துத்தான் கூடு கட்டும். தாழைக்கோழி ஒளிய கோரைப் புதர் வேண்டும். மொட்டையாகத் துடைத்த ஏரி படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது என் பங்கு. அக்கா மகன் வளர்த்த மீன் தொட்டியில் கண்ணாடியை நக்கிக்கொண்டே ஒரு கறுப்பு மீன் இருந்தது. 'டேங்க் கிளீனர்' என்று சொல்லிக் கடையில் கொடுத்தது. வாங்கும்போது விரல் நீளம். இரண்டு வருடத்தில் தொட்டி கொள்ளவில்லை. "பாவம்டா, ஏரியில விட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன். அது சக்கர் மீன் என்பதும், இப்படிப் பாவம் பார்த்தவர்களால்தான் சென்னைப் பக்கத்து ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. முள்ளும் கவசமுமாக இருப்பதால் வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும், பிடிபட்டாலும் வாங்க ஆளில்லை. சிவப்புக்காது ஆமையும் இதே வழியில்தான் வெளியே வருகிறது. வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

மீனுக்குப் பொரி, பிரெட் போடுவதும் அந்த வகைதான். அவை தின்றது போக மிச்சம் அழுகும். கூடவே பாலித்தீன் கவரும் தண்ணீரில் விழும்.

சத்தம் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நாம் கூடு கட்டும் மரத்துக்கு மேலே டிரோன் பறக்கவிடாமல் இருந்தாலே போதும்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதை விளையாட்டு என்று நினைத்து ரசிக்காதீர்கள். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தால் அது மூச்சுத்திணறல். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலக்கக் கலக்க பாசி பெருகும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். நாலு நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் ஐந்தாம் நாள் மீன்கள் வெள்ளையாக மிதக்கலாம். கரையோரம் குப்பை பொறுக்குவது நல்லதுதான், ஆனால் இந்த நோய் அங்கே இல்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயில் இருக்கிறது.

ஆடி, ஆவணியில், மழைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஏரியிலிருந்து அந்தக் கால்வாயோடு மேலே நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எந்தக் குழாய் வந்து அதில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். நாங்கள் ஆறு பேர் போன வருடம் அப்படி நடந்தோம். இருநூறு அடி கூடப் போகவில்லை, முதல் குழாய் வந்துவிட்டது. எங்கள் அடுக்ககத்தினுடையது.