டெல்லியில் வீட்டை இடித்துக் கட்டக் கொடுக்கும் முன் கார் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் முறை

மத்திய அரசுப் பணிக்காக டெல்லிக்கு வந்து, ஜனக்புரி, விகாஸ்புரி போன்ற பகுதிகளில் சிறிய மனையில் வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களில் பலர், இன்று அந்த வீட்டைக் 'கொலாபரேஷன்' என்ற ஏற்பாட்டில் பில்டரிடம் ஒப்படைக்கிறார்கள். பில்டர் தம் செலவில் பழைய வீட்டை இடித்து, தூண்கள் மட்டுமே நிற்கும் ஸ்டில்ட் தளத்தின் மேல் நான்கு மாடி எழுப்புவார். ஒரு மாடியைத் தாம் விற்க எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் குடும்பத்துக்குத் தருவார். பளிங்குத் தரைக்கும் குளியலறைக் குழாய்க்கும் பல பக்கம் எழுதப்படும் அந்த ஒப்பந்தத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கும். குடியேறிய பின் எழும் சண்டைகளோ அந்த ஒற்றை வரியிலிருந்தே கிளம்புகின்றன. கையெழுத்திடுவதற்கு முன்பு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, அளவு நாடாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, கீழ்க்கண்ட கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் உங்கள் மனைக்கு வரைபட அனுமதி தரும் அமைப்பு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நகரின் பெரும்பகுதி, 2022இல் மூன்று மாநகராட்சிகளும் மீண்டும் ஒன்றாக்கப்பட்ட டெல்லி மாநகராட்சியின் கீழ் வருகிறது. புது டெல்லி நகராட்சி மன்றம், கன்டோன்மென்ட் வாரியம், டி.டி.ஏ. எனப்படும் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எல்லைகள் உண்டு. எல்லை எதுவானாலும் நீங்கள் படிக்க வேண்டிய அடிப்படை ஆவணங்கள் இரண்டு: 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட, 2021ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட மாஸ்டர் பிளான், 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். திருத்தங்கள் சேர்ந்த பிரதியையே படியுங்கள். 2041ஐ இலக்காகக் கொண்ட புதிய திட்டம் அரசிதழில் வெளியாகும் வரை, அதைக் காட்டி யாராவது சலுகை சொன்னால் அந்தப் பேச்சை ஒதுக்கிவிடலாம்.

இனி அளவு. டெல்லியில் மனையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கஜக் கணக்கில்தான் பேசுவார்கள். விதிகள் சதுர மீட்டரில் இருக்கின்றன. ஒரு சதுர கஜம் 0.836 சதுர மீட்டர். எனவே 200 கஜ மனை என்பது ஏறத்தாழ 167 சதுர மீட்டர். நூறுக்கு மேல் இருநூற்றைம்பது சதுர மீட்டர் வரையுள்ள மனையில், தரையில் 75 விழுக்காடு வரை கட்டலாம். எல்லா மாடிகளும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல் மூன்று மடங்கு வரலாம். அதாவது ஒரு மாடிக்குச் சுமார் 125 சதுர மீட்டர் வீதம் நான்கு மாடி, மொத்தம் ஏறத்தாழ 500 சதுர மீட்டர். ஸ்டில்ட் இல்லாத வீட்டுக்கு உயர வரம்பு 15 மீட்டர், ஸ்டில்ட் உள்ள வீட்டுக்கு 17.5 மீட்டர். அந்தக் கூடுதல் இரண்டரை மீட்டர் கார்களுக்காகவே தரப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகும்.

டெல்லி விதிகள் கார் இடத்தை ஈ.சி.எஸ். என்ற அலகால் அளக்கின்றன. ஒரு கார் நிற்பதற்கும், அது உள்ளே வந்து திரும்பி வெளியேறுவதற்கும் சேர்த்து வேண்டிய பரப்பு என்று இதற்குப் பொருள். திறந்த வெளியில் ஒரு ஈ.சி.எஸ். 23 சதுர மீட்டர், ஸ்டில்ட் போன்று தரைமட்டத்தில் மூடிய இடத்தில் 28, நிலவறையில் 32, சாய்தளம் உள்ள பல அடுக்கு நிறுத்தத்தில் 30, லிஃப்ட் மூலம் தானாக இயங்கும் பல அடுக்கு நிறுத்தத்தில் 16. மூடிய இடத்துக்கு அதிகம் கேட்பதற்குக் காரணம் தூண்களும் வளைவுகளும்தான். நிலவறைக்கு இன்னும் அதிகம் கேட்பது சாய்தளம் தின்னும் இடத்துக்காக.

இந்த எண்களை நம் 200 கஜ வீட்டில் வைத்துப் பாருங்கள். ஸ்டில்ட் தளம் 125 சதுர மீட்டர். அதிலிருந்து மாடிப்படி, லிஃப்ட், மின்மீட்டர் பெட்டிகள், மோட்டார், காவலர் உட்காரும் மூலை ஆகியவற்றுக்கு 25 சதுர மீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது நூறு. நூறை இருபத்தெட்டால் வகுத்தால் மூன்றரைக்குச் சற்று மேல். அரைக் கார் என்று ஒன்று இல்லாததால் மூன்று. வீட்டின் முன்னால் விடும் 3 மீட்டர் இடைவெளி, 9 மீட்டர் முகப்புள்ள மனையில் 27 சதுர மீட்டர் வரும். திறந்தவெளிக் கணக்கில் அது ஒரு கார். ஆக நான்கு மாடிக்கு நான்கு கார் என்று காகிதத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் அந்த நான்காவது கார் நிற்கும் இடம்தான் மற்ற மூன்று கார்களும் தெருவுக்கு வரும் வழி என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது.

இதே 500 சதுர மீட்டர் கட்டடம் குழு வீடமைப்பாக, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகமாக, இருந்தால், நூறு சதுர மீட்டருக்கு இரண்டு ஈ.சி.எஸ். வீதம் பத்து கார்களுக்கு இடம் காட்ட வேண்டியிருக்கும். தனி மனைகளுக்கு மாஸ்டர் பிளானின் 2007ஆம் ஆண்டு உரை மென்மையாகவே நடந்துகொண்டது: 250 முதல் 300 சதுர மீட்டர் மனைக்கு இரண்டு ஈ.சி.எஸ்., அதற்கு மேல் நூறு சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு ஒன்று. சிறு மனைக்காரருக்கு இரக்கம் காட்டிய அந்த விதியின் விலையைத்தான் இன்று டெல்லியின் ஒவ்வொரு உள்தெருவும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. உங்கள் வரைபடம் விதிக்குப் பொருந்துகிறது என்பதும், உங்கள் குடும்பத்தின் கார்கள் உள்ளே அடங்கும் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். பில்டர் முதலாவதற்கு மட்டுமே பொறுப்பேற்பார்.

ஆகவே வரைபடத்தில் தூண்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். மாடியில் படுக்கையறைச் சுவர் எங்கே வருகிறதோ அங்கே தூணை நிறுத்துவது கட்டுபவருக்கு எளிது. கார் கதவு எங்கே திறக்கும் என்று அவர் யோசிப்பதில்லை. இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.735 மீட்டர், அகலம் 1.83 மீட்டர், பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். இரு தூண்களுக்கு நடுவே ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்குக் குறையாத இடைவெளி இல்லையென்றால், வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். செங்குத்தாகத் திரும்பி நிற்கும் காருக்கு முன்னால் சுமார் ஆறு மீட்டர் வெற்றிடம் தேவை. 9 மீட்டர் அகல மனையில் அது கிடைக்காது. எனவே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். அப்படி நிற்கும்போது முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரே வீட்டாராக இருப்பது குடும்ப அமைதிக்கு உகந்தது. என் உறவினர் ஒருவரின் வீட்டில் இரண்டாம் மாடிக்காரர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புபவர். அவருக்கு முன்னால் நிறுத்துபவர் எட்டு மணிக்கு எழும் நான்காம் மாடிக்காரர். ஆறு மாதத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. தன் கார்ச் சாவியை இரவில் காவலரிடம் கொடுத்துவைக்க ஒருவர் ஒப்புக்கொண்ட பின்னரே நிலைமை சீரானது.

"இடம் போதவில்லையென்றால் இரட்டை அடுக்கு போட்டுவிடலாம்" என்று சொல்பவரிடம் ஸ்டில்ட்டின் உயரத்தைக் கேளுங்கள். பரப்புக் கணக்கில் சேராமல் இருக்க வேண்டுமானால் ஸ்டில்ட் தளம் மனிதர் குடியிருக்க உதவாத உயரத்தில், அதாவது 2.4 மீட்டருக்குள், இருக்க வேண்டும். சிறிய கார்கூட ஒன்றரை மீட்டர் உயரம் என்பதால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கார்கள் அதற்குள் நுழையா. நிலவறைக்குச் சாய்தளம் என்ற யோசனையும் இந்த அளவு மனையில் எடுபடாது. மூன்று மீட்டர் கீழே இறங்க, எட்டுக்கு ஒன்று என்ற செங்குத்தான சாய்வில்கூட 24 மீட்டர் ஓட்டம் வேண்டும். 200 கஜ மனையின் மொத்த ஆழமே பதினெட்டரை மீட்டர்தான். கார் லிஃப்ட் ஒன்றே வழி; அதன் பராமரிப்புச் செலவையும், மின்சாரம் போகும் நாளில் கார் கீழேயே சிக்கிக்கொள்வதையும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நான்கு குடும்பங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, வண்டி தெருவிலிருந்து உள்ளே ஏறும் வழி. டெல்லியில் பழைய தாரைச் சுரண்டாமலேயே புதிய தார் போடுவது வழக்கமாகிவிட்டதால், தெரு உயர்ந்து வீடுகள் தாழ்ந்து மழைநீர் உள்ளே புகுகிறது. அதற்கு அஞ்சி ஸ்டில்ட் தரையை மிக உயர்த்தி விடுகிறார்கள்; பிறகு கார் ஏறுவதற்கு வாசலுக்கு வெளியே, மழைநீர் வடிகாலின் மேல், சிமென்ட் சாய்தளம் போடுகிறார்கள். அந்த நிலம் உங்களுடையது அன்று. மாநகராட்சி ஆக்கிரமிப்பு அகற்ற வரும்போது முதலில் உடைபடுவது அதுதான். சாய்வு முழுவதும் உங்கள் எல்லைச் சுவருக்குள்ளேயே முடிய வேண்டும். தெருவைவிட 30 சென்டிமீட்டர் உயரத்தில் தரையை வைத்தால், பத்துக்கு ஒன்று என்ற சாய்வுக்கு 3 மீட்டர் வேண்டும்; முன்னிடைவெளி சரியாக அதே அளவு. அதற்கு மேல் உயர்த்தினால் சாய்வு தெருவுக்கு நீளும், அல்லது காரின் வயிறு தட்டும். தெரு இனியும் உயரும் என்று தோன்றினால், வாசலின் உட்புறம் குறுக்கே கம்பி மூடியிட்ட வடிகால் ஒன்றை அமைத்து நீரைப் பிடிப்பதே பொருத்தமான வழி.

வாசலுக்கு எதிரேயுள்ள தெருப்பகுதியும் உங்களுடையது அன்று. பூந்தொட்டிகளையும் இரும்புச் சங்கிலியையும் வைத்து அதைப் பிடித்துவைக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மறுபுறம், பிறர் உங்கள் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. போக்குவரத்துக் காவல்துறையிடம் புகார் செய்து வண்டியை இழுத்துச் செல்லச் செய்யலாம்.

தரைப்பகுதியில் தொழில் நடத்தும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். வக்கீல், மருத்துவர், ஆடிட்டர் போன்றோர் தாம் குடியிருக்கும் வீட்டில், அனுமதிக்கப்பட்ட பரப்பின் பாதிக்கு மேற்படாமல் தொழில் செய்யலாம். இட்லிக் கடையோ மளிகைக் கடையோ வைப்பதானால், உங்கள் தெரு கலப்புப் பயன்பாட்டுத் தெருவாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டடத்தில் நூறு சதுர மீட்டருக்கு இரண்டு ஈ.சி.எஸ். இடம் உள்ளேயே தர வேண்டும். முடியாவிட்டால் வாகன நிறுத்தம் அமைக்கும் செலவை உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும். முன்புற இடைவெளிக்குச் சுற்றுச்சுவர் இருக்கக் கூடாது என்பதும் விதி. வாடிக்கையாளர் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஸ்டில்ட் தளத்தில் மட்டும் எதையும் அடைத்துக் கட்டாதீர்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு மாடி ஏற முடியாதே என்று ஓர் அறையைத் தடுத்துவிடுவது பலருக்கும் தோன்றும் ஆசை. அடைத்த கணமே அந்தப் பரப்பு, கணக்கில் சேராத சலுகையை இழக்கிறது. நான்கு மாடியில் அனுமதிப் பரப்பு முழுவதும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் அதை முறைப்படுத்தவும் வழியிருக்காது. 1957ஆம் ஆண்டின் டெல்லி மாநகராட்சிச் சட்டத்தின் 345-ஏ பிரிவு கட்டடத்துக்கு சீல் வைக்க அதிகாரம் தருகிறது. விதிமீறிய கட்டடப் பயன்பாட்டைத் தடுக்க 2006இல் உச்ச நீதிமன்றம் கண்காணிப்புக் குழு அமைத்த காலத்து சீல் வைப்புகளை நேரில் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோருக்கு லிஃப்டே போதுமானது. அதன் வாசல் ஸ்டில்ட்டில் எந்தக் காரும் மறிக்காத பக்கம் திறக்குமாறு வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருவோம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கோ, எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்துக்கோதான் பதிவைக் கட்டாயமாக்குகிறது. உங்கள் 167 சதுர மீட்டரும் நான்கு வீடுகளும் அந்த வலைக்குள் வரா. ஆகவே உங்களைக் காப்பது ஒப்பந்தம் ஒன்றே. 'ஸ்டில்ட்டில் கார் நிறுத்தும் உரிமை உண்டு' என்பது போதாது. ஸ்டில்ட்டின் அளவிட்ட வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எண் இட்டு, எந்த எண் எந்த மாடிக்கு என்று எழுதி, எல்லோரும் அதில் கையெழுத்திட்டு, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடும் பின்னர் ஒவ்வொரு மாடியின் விற்பனைப் பத்திரத்தோடும் இணைக்க வேண்டும். இருசக்கர வண்டிகள் நிற்கும் இடம், கார் கழுவும் குழாய், ஒவ்வொரு வீட்டு மீட்டரிலிருந்தும் மின்கார் சார்ஜருக்கு இழுக்க வேண்டிய குழாய்ப்பாதை ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும். பில்டர் விற்கும் மாடிக்கு இரண்டு கார் இடம் தருவதாக வெளியாரிடம் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அந்த மாடிக்கு ஒன்றுதான் என்ற வாசகத்தை எண்ணாலும் எழுத்தாலும் சேர்த்துவிடுங்கள்.

தூண்களுக்குக் கம்பி கட்டுவதற்கு முன் ஒருநாள் மனைக்குச் சென்று, தூண் வரும் இடங்களைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்து, குடும்பத்தின் பெரிய காரை அதற்குள் ஓட்டிப் பாருங்கள்; அந்தக் கட்டத்தில் ஒரு தூணை அரையடி நகர்த்த வேண்டுமென்றால், கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு அன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம். பில்டருக்குத் தர வேண்டிய, அல்லது அவரிடமிருந்து பெற வேண்டிய கடைசித் தவணையை, கட்டடத்தில் குடியேறலாம் என்று தரப்படும் சான்றிதழோடு மட்டும் பிணைக்காமல், நான்கு கார்களும் ஒரே நேரத்தில் உள்ளே நின்று வெளியே வரும் ஒத்திகையோடும் பிணைத்து எழுதுங்கள்.