வைஷ்ணோ தேவி மலையேறும் முன்

ஜம்மு பகுதியில் திரிகூட மலைமேல் உள்ள வைஷ்ணோ தேவி கோயிலுக்குச் செல்வோர், அடிவாரமான கட்ராவிலேயே அடையாளச் சான்றைக் காட்டி இலவச யாத்திரை அட்டையைப் பெற்றுக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகே நடக்கத் தொடங்க வேண்டும். அது இல்லாதவர்களைப் பாணகங்கைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஏற்றம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் நேரம் மிச்சமாகிறதே என்று குறுக்குப் படிகளில் ஏறாமல், சாய்தளப் பாதையிலேயே செல்வது நல்லது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே பொதுவாக வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும். கைப்பேசி, தோல் பெல்ட், பர்ஸ் ஆகியவற்றைப் பாதுகாப்பறையில் வைத்துவிட்டே சன்னதிக்குள் நுழைய முடியும். குகைக்குள் சிலையைத் தேடாதீர்கள். மூன்று பிண்டிகளே, அதாவது இயற்கையாக அமைந்த பாறை உருவங்களே அங்கு தேவி, நிற்க விடுவதோ சில நொடிகள்தாம்.