விஆரில் துப்பறியும்போது கைகளை முதலில் கட்டிக்கொள்ளுங்கள்

விஆரில், அதாவது கண்களை மூடும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் உலகில், துப்பறியும் விளையாட்டு ஆடத் தொடங்கியபோது, அறைக்குள் நுழைந்ததுமே கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். முதல் இரண்டு வழக்குகளை அப்படித்தான் கோட்டை விட்டேன். இப்போது வாசலிலேயே நின்று, எதையும் தொடாமல், ஒரு நிமிடம் சுற்றிப் பார்க்கிறேன். எந்த நாற்காலி விழுந்து கிடக்கிறது, எந்த இழுப்பறை பாதி திறந்திருக்கிறது என்று மனதில் பதிய வேண்டும். பொருட்களை இடம் மாற்றிவிட்டால் அந்தக் காட்சி கலைந்துவிடும்.

அதற்கு முன் ஹெட்செட்டைச் சரிசெய்யுங்கள். இந்த வகை விளையாட்டில் கடிதம், ரசீது என்று படிக்க நிறைய இருக்கும். பெரியவர்களுக்கு இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். உங்கள் அளவுக்கு லென்ஸை நகர்த்துங்கள். ஹெட்செட்டை மேலும் கீழும் மெல்ல அசைத்து, எழுத்து தெளிவாகத் தெரியும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள். சுற்றிலும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் காலியாக இருந்தால் நல்லது. இன்னொன்று, உள்ளே தெரியும் மேசையில் கை ஊன்றாதீர்கள். அங்கே மேசை இல்லை. குனிந்து பார்க்கும் ஆர்வத்தில் அது சட்டென்று மறந்துபோகும்.

நகர்வதற்கு, புதியவர்கள் தாவிச் செல்லும் முறையையே, அதாவது சுட்டிக்காட்டிய இடத்துக்கு ஒரே நொடியில் போய்விடும் முறையையே தேர்ந்தெடுங்கள். தொடர்ந்து நகரும் முறையில், நாம் நடப்பதாகக் கண் சொல்ல, நிற்பதாக உள்காது சொல்லும். அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. லேசாக வியர்த்தாலே கழற்றி வைத்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.

சரி, இப்போது தடயங்கள். ஒரு வழக்கில் மேசைமேல் ஒரு தீப்பெட்டி இருந்தது. எடுத்தேன், முன்பக்கம் பார்த்தேன், வைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அதே காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "உள்ளே பாருடா" என்றாள். திறந்தால் மூடியின் உட்புறம் பென்சிலால் ஓர் எண்! அன்றிலிருந்து எதை எடுத்தாலும் மணிக்கட்டைச் சுழற்றி, பின்புறம், அடிப்புறம், உட்புறம் மூன்றையும் பார்க்காமல் வைப்பதில்லை. ஹெட்செட் போட்டிருக்கும்போது காகிதத்தில் எழுத முடியாது என்பதால், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வேன், அக்கா எழுதிக்கொள்வாள். துணைக்கு ஆள் இருந்தால் இது மிக நல்ல ஏற்பாடு.

விசாரணைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2017இல் வந்த 'எல்.ஏ. நொயர்' என்ற துப்பறியும் விளையாட்டின் விஆர் பதிப்பு, 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் 7 வழக்குகளைத் தருகிறது. அதன் மூல விளையாட்டுக்காக நடிகர்களின் முகங்களை 32 கேமராக்களால் பதிவு செய்தார்கள். அதனால் சாட்சி பதில் சொல்லி முடித்ததும் அவசரப்பட்டு எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். சில நொடிகள் முகத்தையே பாருங்கள். பார்வை விலகுகிறதா, உதடு இறுகுகிறதா? அப்புறம் முடிவெடுங்கள். பொய் என்று குற்றம் சாட்டுவதானால், அதை உடைக்கும் தடயம் எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் மட்டும் போதாது.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பழைய அறைக்கே திரும்பி, உண்மையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து பாருங்கள். கட்டிலுக்கு அடியில், மேசைப் பலகையின் கீழ்ப்பக்கத்தில் இருப்பது நின்றபடி தேடுபவரின் கண்ணில் படாது.